ரயில் ஓரப் பசுமைப் பாதை: தாமதம் எங்கே தொடங்குகிறது, எந்தத் தவறுகளைத் தவிர்க்க வேண்டும்

2008 நவம்பரில் கலிபோர்னியாவின் சொனோமா, மரின் கவுண்டி வாக்காளர்கள் டாலருக்குக் கால் சென்ட் கூடுதல் விற்பனை வரி கட்ட ஒப்புக்கொண்டார்கள். வரி 20 ஆண்டுகளுக்கு. க்ளோவர்டேல் முதல் லார்க்ஸ்பர் வரை 70 மைலுக்கு 'ஸ்மார்ட்' புறநகர் ரயில், அதை ஒட்டியே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட திட்டம். 2017 ஆகஸ்ட் 25 அன்று 43 மைல் தூரத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பாதை அன்றைக்குத் துண்டு துண்டாகத்தான் கிடந்தது. நடுவில் விட்டுப்போன இடங்களை இணைக்கும் வேலை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

நாட்டின் மறுகோடியில், பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் நகரிலும் ஏறக்குறைய இதே கதை. அங்கே லோவல் புறநகர் ரயில் தடத்தின் ஓரமாக, 'கிரீன் லைன்' என்ற நகர ரயிலை இரண்டு கிளைகளாக நீட்டும் திட்டத்தோடு சேர்த்தே 'சமூகப் பாதை' கட்டத் திட்டமிட்டார்கள். கிளைகள் இரண்டிலும் ரயில் ஓடத் தொடங்கியது 2022-இல். பாதை திறந்தது 2023 ஜூனில்.

இரண்டு ஊரிலும் வேலை தெரியாதவர்கள் கட்டவில்லை. மண் தோண்டுவதற்கு வெகு முன்பே எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, சில முடிவுகள்தான் ஆண்டுகளைத் தின்கின்றன. அவற்றில் அடிக்கடி நடப்பவற்றை வேலை நடக்கும் வரிசையில் பார்க்கலாம்.

பாதையைக் கொசுறாக வைப்பது

காய்கறிக் கடையில் கறிவேப்பிலை போடுவதுபோல, ரயில் திட்டத்தோடு பாதையையும் சேர்த்துவிடுகிறார்கள். பணம் இருக்கும்வரை அது வரைபடத்தில் இருக்கும். பணம் இறுகியதும் முதலில் கழிவது அதுதான்.

சாமர்வில்லில் நடந்தது இது. சுமார் 200 கோடி டாலர் என்று போட்ட கணக்கு 300 கோடியைத் தொடலாம் என்று 2015-இல் தெரியவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டு, 2016-இல் செலவைக் குறைத்து மறுபடி வடிவமைத்தார்கள். நிலையங்கள் எளிமையாயின. பாதையின் கிழக்குப் பகுதி, அதாவது கேம்பிரிட்ஜ் வரை உயரத்தில் போகவேண்டிய பகுதி, அடிப்படை வேலையிலிருந்து விலகி 'விலை இடம் கொடுத்தால் சேர்க்கலாம்' என்ற பட்டியலுக்குப் போனது. 2017 நவம்பரில் தேர்வான நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்த ஆறையும் சேர்த்தே சுமார் 108 கோடி டாலருக்கு விலை கொடுத்ததால் பாதை பிழைத்தது. ஏலம் வேறு மாதிரி போயிருந்தால், பாதை நகர எல்லைக்குள்ளேயே முட்டி நின்றிருக்கும்.

டெண்டர் ஆவணத்தில் விருப்பப் பட்டியல் வைத்த முறை நல்ல முறைதான். பாதையைக் காப்பாற்றியதே அது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பாதைக்கான வேலைகளில் சிலவற்றை ரயில் வேலையோடு சேர்த்து அன்றே செய்தாக வேண்டும், பிறகு செய்யவே முடியாது. தாங்குசுவர், சாலைப் பாலங்களுக்கு அடியில் விடவேண்டிய கூடுதல் இடைவெளி, தடத்துக்குக் குறுக்கே போகும் கல்வெர்ட்டின் (ஓடை நீர் போகும் சிறுபாலத்தின்) நீளம், விளக்குக்கான வெற்றுக் குழாய்கள் ஆகியவை அந்த வகை. பாதையைக் கட்ட அப்போது பணம் இல்லாவிட்டாலும் இந்த நான்கையும் அடிப்படை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கல்வெர்ட் வார்க்கும்போதே அதைப் பாதையின் அகலத்துக்கு நீட்டிவிட்டால் ஒரே பலகையடைப்பு, ஒரே கான்கிரீட் வண்டி, ஒரே அனுமதி. ஐந்து வருடம் கழித்து நீட்டப் போனால் ஓடை அனுமதி, ரயில்வே காவல், மறுபடி தோண்டல் என்று எல்லாம் புதிதாக.

சராசரி அகலத்தை நம்பி வரைவது

'ரயில்வே நிலம் 60 அடி அகலம், 10 அடிப் பாதைக்கா இடமில்லை?' என்று கூட்டங்களில் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒற்றைத் தடம் நிலத்தின் நடுவில் போகிறது என்றால் தடத்தின் மையக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு 30 அடி. கலிபோர்னியாவில் மையக்கோட்டிலிருந்து 8 அடி 6 அங்குலத்துக்குள் எந்தத் தடையும் நிற்கக் கூடாது. பாதை 10 அடி, அதன் இரு ஓரமும் 2 அடி வீதம் சமதளம், ஆக 14 அடி. மீதி 7 அடி 6 அங்குலம். அதற்குள் வேலி, ஜல்லிப் படுகையின் சரிவு, வடிகால், பராமரிப்பு வண்டி போக இடம் எல்லாம் அடங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் அடங்கும்.

ஒற்றைத் தட ரயிலில் எதிரெதிர் வண்டிகள் விலகிப்போக ஆங்காங்கே இரண்டாவது தடம் வேண்டும். ஸ்மார்ட் பெரும்பாலும் அப்படிப்பட்ட தடம்தான். இரண்டாவது தடத்தை 15 அடி தள்ளிப் போட்டால் அதன் மையத்திலிருந்து நில எல்லைக்கு 15 அடிதான் மிச்சம். அதில் 8 அடி 6 அங்குலம் கழிந்தால் 6 அடி 6 அங்குலம். பாதை அங்கே நிற்காது. பிளாட்பாரம் வரும் இடத்திலும் இதே கதிதான்.

இந்த நெருக்கடிகள் மொத்தத் தூரத்தில் கொஞ்சமே. ஆனாலும் பாதை ஒரு சங்கிலி; ஒரு கண்ணி அறுந்தால் அந்த இடத்தில் மக்கள் வண்டிச் சாலையில் இறங்க வேண்டியதுதான். ஆகவே நூறு அடிக்கு ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். அதில் இன்றைய தடத்தை மட்டும் காட்டாமல், ரயில்வே தன் 20 ஆண்டுத் திட்டத்தில் வைத்திருக்கும் இரண்டாவது தடத்தையும் புள்ளிக் கோட்டில் காட்டுங்கள். இடம் போதாத குறுக்குவெட்டுகளை முதல் ஆறு மாதத்திலேயே பிரித்தெடுத்தால், பக்கத்து நிலம் வாங்குவதா, தெருவோடு சேர்ப்பதா, தாங்குசுவர் எழுப்புவதா என்று முடிவெடுக்க நேரம் இருக்கும். நிலம் வாங்க ஓராண்டுக்குக் குறையாது.

இங்கேயே இன்னொன்று. நிலம் 'ரயில்வேயுடையது' என்று எல்லோரும் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் போட்ட தடங்களில் சில துண்டுகளை ரயில் நிறுவனம் கிரயத்துக்கு வாங்கியிருக்கும். சிலவற்றில் ரயில் ஓட்டும் உரிமை மட்டும் இருக்கும், மண் பக்கத்து வீட்டுக்காரருடையது. ரயில் ஓட்டத் தந்த உரிமையில் சைக்கிள் பாதை அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடக்கூடிய கேள்வி. பத்திரங்களைத் துண்டு துண்டாகப் பார்த்து வரைபடத்தில் இரண்டு நிறத்தில் தீட்டிவைப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் டெண்டர் விடக் கூடாது.

மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்க்காமல் இறங்குவது

ரயில் ஓரம் காலியாகத் தெரியும். அடியில் சிக்னல் கேபிள், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்ணாடி இழைக் கேபிள், பழைய எரிவாயுக் குழாய், யார் போட்டது என்றே தெரியாத களிமண் குழாய் எல்லாம் கிடக்கும். பழைய வரைபடம் காட்டும் இடத்துக்கும் கேபிள் உண்மையில் கிடக்கும் இடத்துக்கும் சில அடி வித்தியாசம் சாதாரணம். சந்தேகமான இடங்களில் வெற்றிட இயந்திரத்தால் சிறு சோதனைக் குழிகள் எடுத்து, ஆழத்தையும் இடத்தையும் சர்வே புள்ளியாகக் குறித்துக்கொள்வதே வழி. வடிவமைப்பு பாதி முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும்.

தரைக்கு மேலே சிக்னல் பெட்டி. லெவல் கிராசிங் ஒவ்வொன்றின் அருகிலும் ஆள் உயர இரும்பு அறை ஒன்று நிற்கும். பாதை வளையாமல் நேராகப் போக வேண்டிய இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும். அதை நகர்த்த வேண்டுமென்றால் உள்ளே வரும் கம்பி ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டி, கிராசிங்கை முழுதாகச் சோதித்து ஒப்படைக்க வேண்டும். பாதையை வளைப்பது பத்தில் ஒன்பது முறை மலிவு. அந்த வளைவுக்கான இடத்தை முன்பே ஒதுக்கியிருந்தால்தான் அதுவும் முடியும்.

மண்ணின் தன்மையையும் சேர்த்துப் பாருங்கள். பல தலைமுறை ரயில் ஓடிய நிலத்தில் களைக்கொல்லியின் ஆர்செனிக், சிலிப்பர் கட்டையில் ஊறிய கிரியோசோட் என்ற மரக்காப்பு எண்ணெய், நிலக்கரிச் சாம்பல் இருக்கலாம். தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் லாரிகள் வாசலில் நிற்கும். தோண்டும் அளவைக் குறைத்து, சுத்தமான மண்ணைப் பரப்பி, அதன் மேல் பாதையைப் போடுவது சாமர்வில் இருக்கும் மாசசூசெட்ஸ் போன்ற பழைய ரயில் பிரதேசங்களில் பழகிய உத்தி. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய பகுதிகளில் வேறு தொல்லை: குடாவின் மென்சேறு. அதன் மேல் பாதைக்காக மண் மேடு எழுப்பினால் மேடு மட்டும் அமிழாது, பக்கத்துத் தண்டவாளத்தையும் இழுத்துக்கொண்டு அமிழும். இலேசான நிரப்புப் பொருளா, முன்கூட்டியே பாரம் ஏற்றி மாதக்கணக்கில் காத்திருப்பதா என்பதை ஆழ்துளை மாதிரியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இயற்கையின் நாட்காட்டியைக் கடைசியில் பார்ப்பது

அதிக ஆண்டுகளை வீணாக்கும் தவறு இதுதான் என்பது எங்கள் கணிப்பு. கலிபோர்னியாவில் பறவைகள் கூடு கட்டும் காலம் பொதுவாகப் பிப்ரவரி 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அந்த மாதங்களில் மரம் வெட்டுவது பெரும்பாடு: கூடு இருக்கிறதா என்று உயிரியலாளர் பார்க்க வேண்டும், இருந்தால் குஞ்சு பறக்கும்வரை சுற்றிலும் வேலை நிற்கும். ஓடைக்குள் வேலை செய்ய வழக்கமாகக் கிடைக்கும் காலமோ ஜூன் 15 முதல் அக்டோபர் 15 வரை.

இப்போது ஒரு ஒப்பந்தத்தை வைத்துப் பாருங்கள். டிசம்பரில் கையெழுத்து. ஜனவரி நடுவில் வேலை தொடங்க உத்தரவு, மாத இறுதிக்குள் ஓடைக்கரை மரங்களை வெட்டிவிடத் திட்டம். காப்பீட்டுத் தாள் ஒன்று திருத்தத்துக்குப் போய் இரண்டு வாரம் நழுவுகிறது. பிப்ரவரி பிறந்துவிட்டது, மரத்தில் கை வைக்க முடியாது. செப்டம்பரில் வெட்டுகிறார்கள். ஓடைப் பாலத்தின் அடித்தளத்துக்கு மிச்சம் ஆறு வாரம், தேவை பத்து வாரம். பாலம் அடுத்த ஜூன் 15-க்குத் தள்ளிப்போகிறது. இரண்டு வாரத் தாமதம் ஏறத்தாழ ஓராண்டாகிவிட்டது. பாதையோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரிவது ஆளில்லாத வேலித்தகடும் மண் மேடும்தான்.

தீர்வு எளிது, செலவும் குறைவு. மரம் வெட்டுவதைத் தனிச் சிறு ஒப்பந்தமாகப் பிரித்து முந்திய இலையுதிர் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். மரத்தைத் தரைமட்டத்தோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். வேர் பிடுங்குவது வறண்ட காலத்து வேலை.

சாண்டா ரோசா சமவெளியில் இன்னொரு ஜீவனும் கணக்கில் வருகிறது: பல்லி வடிவில் இருக்கும் நீர்நில உயிரியான கலிபோர்னியப் புலிச் சாலமாண்டர். சொனோமாவில் வாழும் அதன் கூட்டம் அழியும் ஆபத்திலுள்ளதாக அமெரிக்கக் கூட்டரசு (மத்திய அரசு) பட்டியலிட்டது. வெயில் காலம் முழுவதும் அணில், எலி தோண்டிய வளைகளுக்குள் கிடக்கும். மழைக்கால இரவுகளில் வெளியேறி, இனம் பெருக்க மழைநீர்க் குட்டைகளுக்கு ஊர்ந்து போகும். அதன் வழியில் திறந்து கிடக்கும் வாய்க்கால் குழி ஒரு பொறி. அதனால் வேலையிடத்தைச் சுற்றித் தாழ்ந்த தடுப்பு வேலி போட்டு அதன் அடியை மண்ணில் புதைக்கிறார்கள். மாலையில் குழிகளைப் பலகையால் மூடுகிறார்கள், அல்லது ஏறிவரச் சரிவுப் பலகை வைக்கிறார்கள். காலையில் இயந்திரத்தைக் கிளப்புமுன் அனுமதி பெற்ற உயிரியலாளர் குழிக்குள்ளும் சக்கரத்துக்கு அடியிலும் பார்க்கிறார். இந்த ஏற்பாடுகளை மறுத்து ஒரு நாளும் மிச்சம் பிடிக்க முடியாது. கூட்டரசு வனவிலங்குத் துறையோடு பேச்சைத் தொடங்கும் தேதியைத்தான் முன்னுக்கு இழுக்க முடியும். இறுதி வரைபடம் தயாராகட்டும் என்று காத்திராமல், முப்பது சதவீதம் முடிந்த வரைபடத்தோடு போய் உட்கார வேண்டும்.

ஓடும் ரயிலின் பக்கத்தில் வேலையின் வேகத்தைத் தப்பாகக் கணிப்பது

அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்திலிருந்து 4 அடிக்குள் ஆளோ கருவியோ இருந்தால் அது தடத்துக்குள் இருப்பதற்குச் சமம். பல ரயில் நிறுவனங்கள் இன்னும் கண்டிப்பு: 25 அடிக்குள் வேலை என்றாலே தங்கள் பாதுகாப்புக் காவலர் கூட நிற்க வேண்டும் என்கின்றன. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். பாதை முழுவதுமே கிட்டத்தட்ட அந்த எல்லைக்குள்தான்.

நடைமுறையில் இப்படி இருக்கும். காலையில் காவலர் எல்லோரையும் நிறுத்தி அன்றைய விதிகளைச் சொல்கிறார், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று காட்டுகிறார், எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். ரயில் வரும் தகவல் கிடைத்ததும் ஊதலை ஊதுகிறார். மண்வாரி இயந்திரம் கையைத் தரையில் ஊன்றி நிறுத்துகிறது, ஆட்கள் வேலிக்கு இப்பால் வருகிறார்கள், வண்டி கடக்கிறது, அவர் சொன்ன பிறகுதான் மீண்டும் தொடக்கம். ஒரு ரயிலுக்குப் பத்து நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு இரண்டு வண்டி ஓடினால் 8 மணி நேர வேலை நாளில் 2 மணி 40 நிமிடம் போய்விடும். சாதாரண சாலை, பூங்கா வேலைகளின் வேகத்தை வைத்துக் கால அட்டவணை போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை முதல் நாளே இழந்துவிட்டார்கள்.

காவலர் எண்ணிக்கையும் அளவானது. ரயில்வே தன் சொந்தப் பராமரிப்புக்கும் அவர்களையே அனுப்பும். எத்தனை வாரம் முன்னால் கேட்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் கிடைப்பார்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன கட்டணம், அவர் வராத நாளுக்கு யார் பொறுப்பு ஆகியவற்றை டெண்டரிலேயே எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் விலையை ஏற்றிப் போடுவார், அல்லது பின்னால் கூடுதல் தொகை கேட்டு வழக்குக்குப் போவார். முதல் வேலையாக நிரந்தர வேலியை எழுப்பிவிட்டால், பிறகு வரும் வேலைகள் பலவற்றை அதற்கு இப்பாலிருந்து குறைந்த காவலோடு செய்யலாம். தண்டவாளம் போட்டு ரயில் ஓடாத அந்த இடைக்காலத்தில் பாதையின் மண்வேலையை முடித்துவிடுவதைவிடச் சிறந்த சிக்கனம் இல்லை. ஸ்மார்ட் ரயில் ஏற்கெனவே ஓடிய பகுதியில் 2017-க்குப் பின் நடந்த பாதை வேலைக்கு அந்த இடைக்காலம் கிடைக்கவில்லை.

குறுக்கே கடக்கும் இடத்தைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்பது

கலிபோர்னியாவில் தடத்தைக் கடக்கும் புதிய வழி எதற்கும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும். மேம்பாலம் கட்டிவிடலாமே என்று தோன்றும். ரயிலுக்கு மேல் சுமார் 23 அடி இடைவெளி, பாலத்தின் தடிமன் 3 அடி, ஆக 26 அடி ஏற வேண்டும். சக்கர நாற்காலியும் போகக்கூடிய இருபதுக்கு ஒன்று சரிவில் அதற்கு ஒரு பக்கம் மட்டும் 520 அடி. அந்த நீளம் எந்த நகரத் தெருவில் கிடைக்கும்?

எனவே தரைமட்டக் கடவையே கேட்கிறார்கள். சாண்டா ரோசாவின் ஜென்னிங்ஸ் அவென்யூவில் ரயில் ஓடாத காலத்தில் மக்கள் தடத்தைத் தாண்டிப் பள்ளிக்கும் கடைக்கும் போய்வந்தார்கள். ரயில் வருவதை முன்னிட்டு வேலி அடைபட்டது. நகராட்சி மனுப் போட்டு 2016-இல் ஆணையத்தின் அனுமதியும் பெற்றது. அதன்பின் நகராட்சிக்கும் ரயில் அமைப்புக்கும் பாதுகாப்புக் குறித்து உடன்பாடு வராமல், ரயில் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகளாகியும் கடவை கட்டப்படாமல் கிடந்தது. அனுமதி ஒரு தாள். யார் கட்டுவது, யார் பராமரிப்பது, விபத்து நடந்தால் யார் ஈடு செய்வது என்ற உடன்படிக்கை வேறொரு தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள்.

வடிவத்தில் கவனிக்க வேண்டியவை: பாதை தடத்தைச் செங்குத்தாகவே கடக்கட்டும், முடியாவிட்டால் 60 பாகைக்குக் குறையாமல். தண்டவாளத்தின் உட்பக்க இடுக்கு பயணிகள் ரயிலுக்கு 2.5 அங்குலம், சரக்கு ரயிலும் ஓடினால் 3 அங்குலம் வரை அனுமதி. சாய்வாகக் கடந்தால் சைக்கிள் சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். சக்கர நாற்காலியின் முன் சக்கரமும் அப்படியே.

பணத்துக்குக் கெடு இருப்பதை மறப்பது

மானியம் கிடைத்த செய்தி வந்ததும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. கூட்டரசுப் பணமானால், செலவுக்கான அங்கீகாரத் தாள் வருமுன் செய்த வேலைக்குப் பணம் திரும்ப வராது. கலிபோர்னியாவின் நடை, சைக்கிள் திட்ட நிதியில் தொகை ஒதுக்கிய ஆறு மாதத்துக்குள் ஒப்பந்தம் வழங்கியாக வேண்டும். ஆகவே நில உரிமை, ஓடை அனுமதி, ரயில்வே உடன்படிக்கை மூன்றும் கையில் வந்த பிறகே ஒதுக்கீடு கேளுங்கள். வரப்போகும் வரியை நம்பித் திட்டத்தை நீட்டவும் கூடாது: 2020 மார்ச்சில் ஸ்மார்ட் வரியை நீட்டிக்கக் கேட்ட வாக்கெடுப்பு, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் தோற்றது.

பசுமையைக் கடைசி வரியில் எழுதுவது

தார் போட்டதும் பாதை முடிந்துவிட்டதாகக் கணக்கு எழுதி, மரத்துக்கு வைத்த பணத்தை வேறு செலவுக்கு மாற்றிவிடுகிறார்கள். பெயரில் பசுமை, கண்ணில் கம்பி வேலி. தண்ணீர் இணைப்புக்கும் மீட்டருக்கும் விண்ணப்பிப்பதை மண்வேலை தொடங்கும்போதே செய்யுங்கள். அது வர மாதங்கள் ஆகும். பாதைக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் போக வெற்றுக் குழாய்களைத் தார் போடுமுன் பதித்துவிடுங்கள். கோடை வறண்ட கலிபோர்னியாவில் கன்று நட உகந்தது முதல் மழைக்குப் பின், அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை. ஏப்ரலில் பாதை முடிந்தால் அவசரப்பட்டு நடாமல் இலையுதிர் காலம்வரை காத்திருந்து, மூன்றாண்டுப் பராமரிப்பை ஒப்பந்தத்திலேயே சேர்த்து வாங்குவது நல்லது. கடவைகளுக்கு அருகே ரயிலையும் ஆளையும் மறைக்காத குட்டைச் செடிகள் மட்டும். உயர வளரும் மரங்களைத் தண்டவாளத்துக்கு எதிர்ப்புறமாக, நில எல்லையை ஒட்டி வையுங்கள்: இலை தடத்தில் விழாது, வேர் ஜல்லிக்குள் போகாது, மாலை வெயிலில் நடப்பவருக்கு நிழலும் கிடைக்கும்.